கருப்பட்டிக்குள் நீல மாத்திரை

விஸ்வநத்தம்
12.8.2024, இரவு

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

எழில் எழுதுகிறேன். நீங்கள் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தபோது, மழை வந்தால் மாடியில் காயும் உங்கள் நர்ஸ் சேலையை ஓடிப்போய் எடுத்து வைப்பேனே, அந்த எழில்தான். இப்போது பத்தாம் வகுப்பு.

முகவரியை என்னோடு படிக்கும் பெர்சிஸிடம் வாங்கினேன். அவள் அப்பா யோபு சாரும் நீங்களும் ஒரே சர்ச் என்பதால் அவர்கள் வீட்டில் இருந்தது. பதில் போட்டால் பெர்சிஸ் வீட்டுக்கே போடுங்கள். எங்கள் வீட்டுக்கு வேண்டாம். போனும் வேண்டாம். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அப்பா வழக்கம்போல் வெடி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். தீபாவளி கழித்துத்தான் வருவார்.

அம்மா உங்கள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். பட்டாசுக் கம்பெனி வாசலில் நீங்கள் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாம் பற்றிப் பேச்சு வந்தாலே, "என் ரத்தத்த ஊர் நடுவுல ஏலம் போட்டவ" என்பார். நீங்கள் சத்தமாக, "அக்கா, ஒங்களுக்கு ரத்தம் ஏழரைதான் இருக்கு, மயங்கி மருந்து மேல விழுந்தா அம்புட்டுப் பேரும் போயிருவீக" என்று சொன்னதைப் போர்மேன் காளிராஜ் கேட்டுவிட்டார். மறுநாளே அம்மாவை வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அதைவிட, வேலை செய்கிற செட்டில் அம்மாவுக்கு 'ஏழரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏழரை வந்துருச்சு, வழி விடுங்க" என்று வேனில் சிரிப்பார்களாம். நீங்கள் கொடுத்த மாத்திரை அட்டைகளை அம்மா அன்றைக்கே சாக்கடையில் போட்டுவிட்டார். யார் கொடுத்தாலும் மாத்திரை தொடுவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அக்கா, அம்மா சரியாக இல்லை. மாடிப்படி நாலு ஏறினால் நிற்கிறார். அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மெல்லுகிறார். நான் பார்த்தால் துப்பிவிடுகிறார். கண்ணின் கீழ் இமையை நீங்கள் இழுத்துப் பார்ப்பீர்களே, அம்மா தூங்கும்போது நானும் இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அம்மா விழித்துக்கொண்டு அடித்தார்.

உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். பள்ளியில் வியாழக்கிழமை தரும் நீலச் சத்து மாத்திரையைப் பெரியவர்கள் சாப்பிடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை? டீயில் கரைத்தால் சத்து போய்விடுமா? பத்து நாளாகியும் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மா புரண்டு படுக்கிறார். நிறுத்துகிறேன்.

எழில்


பர்கூர் மலை
18.8.2024

அன்பு எழிலுக்கு,

உன் கடிதம் நேற்று ஜீப்பில் வந்தது. கர்த்தர் உன்னையும் உன் அம்மா பத்திரகாளி அக்காவையும் காக்கட்டும். இங்கே சிக்னல் கிடையாது. நாலு கிலோமீட்டர் இறங்கினால் ஒரு வளைவில் இரண்டு கோடு வரும். அதனால் கடிதம் நல்லதுதான்.

முதலில் உன் சந்தேகம். மாத்திரை பத்து நாளில் ஒன்றும் காட்டாது. ஒரு மாதமாவது ஆகும். டீயில் போட்டால் பாதிக்கு மேல் வீண். டீயும் காப்பியும் இரும்பை உடம்பில் சேர விடாது. குடிப்பதென்றால் ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று தப்பில்லை. ஆனால் ஏழரையில் இருப்பவருக்கு அது போதாது. மறுபடி ரத்தம் பார்த்து, டாக்டர் சொல்கிறபடி எடுக்க வேண்டும். புழு மாத்திரையும் தேவைப்படலாம்.

அக்கா மனம் மாறி மாத்திரை எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துதான் இதை எழுதுகிறேன். முகாமில் நான் சொன்னது பொய் இல்லை. மருந்துக்கு நடுவில் ஒருத்தர் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். சத்தமாகப் பேசித்தான் வேலை நடந்தது. ஆனால் அக்கா அன்று என்னைப் பார்த்த பார்வை இங்கே வந்த பிறகும் போகவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு வருஷம் இருந்தேன். போகும்போது அக்கா கதவைத் திறக்கவில்லை.

நீ உன் மாத்திரையை விழுங்குகிறாயா? அதை எழுதவில்லையே. உன் பங்கை அம்மாவுக்குக் கொடுத்தால் அம்மாவுக்கு வாரம் ஒரு மாத்திரைதான், உனக்கு ஒன்றுமில்லை. உனக்கு உபதேசம் செய்கிறேன், என் பையில் பிரிக்காத அட்டை மூன்று கிடக்கிறது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு எனக்குப் போட மறந்துவிடுகிறேன். இன்று ராத்திரி ஒன்று போட்டுக்கொள்வேன். நீயும் போடு.

ஜோதி


விஸ்வநத்தம்
2.9.2024, இரவு

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

போன கடிதத்தில் நான் முழுசாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வந்தாலும் கனவில் எல்லாரும் உருண்டை கேட்கிறார்கள்.

அம்மா மனம் மாறவில்லை. நான்தான் அம்மாவுக்குத் தெரியாமல் கொடுக்கிறேன்.

பள்ளியில் டீச்சர் சொம்புத் தண்ணீரோடு நின்று, விழுங்கிய பிறகு "ஆ காட்டு" என்று பார்ப்பார். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கினால் தெரியாது. கொஞ்சம் தாமதித்தால் நாக்கு நீலமாகிவிடும், அதனால் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். பாதிப் பேர் வாந்தி வருகிறது என்று ஜன்னல் வழியாக எறிகிறார்கள். அதை என்னிடம் கொடுங்கள் என்றேன். பெர்சிஸும் இன்னும் ஐந்து பேரும் தருகிறார்கள். என்னுடையதோடு வாரத்துக்கு ஏழு. நாளுக்கு ஒன்று. ஈரத்துணியால் நீலத்தைத் துடைத்துவிட்டு அம்மியில் பொடிப்பேன். முதலில் டீயில் போட்டேன். டீ மை மாதிரி கறுத்தது. "என்ன புள்ள, அடிப்பிடிச்ச டீயா?" என்று கேட்டுப் பாதியைக் கீழே ஊற்றிவிடுவார்.

உங்கள் கடிதம் வந்ததும் டீயை விட்டேன். உங்களுக்குத் தெரியும், செட்டிலிருந்து வந்ததும் எல்லாரும் கருப்பட்டியோ வாழைப்பழமோ தின்பார்கள், மூச்சில் உள்ளே போன மருந்துத் தூசியை அது இழுக்கும் என்று. அதனால் கருப்பட்டியைச் சுக்கோடு இடித்து, பொடியைக் கலந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருண்டை பிடித்தேன். ஏழு உருண்டை, ஒரு டப்பா. வந்ததும் ஒன்று, கூடவே எலுமிச்சைத் தண்ணீர். "டீச்சர் சொல்லிக் குடுத்தாக, மருந்துக்கு நல்லதாம்" என்று சொன்னேன். அம்மா சந்தோஷமாகத் தின்றார்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா கக்கூசிலிருந்து ஓடி வந்தார். நான் பயந்தே போனேன். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏ எழிலு! கருப்பா எறங்கிருக்குடி! கரி மாதிரி! பதினோரு வருசமா மூக்கு வழியாப் போன மருந்து அம்புட்டும் எறங்குது!"

ஒருவேளை நிஜமாகவே இறங்குகிறதோ என்றுகூட நினைத்தேன். நிஜமா அக்கா? அல்லது நான் அம்மாவின் குடலைப் புண்ணாக்கிவிட்டேனா? அது ரத்தமா?

அம்மா அதை வேனில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரை யாரும் ஏழரை என்று கூப்பிடுவதில்லை. கூட வேலை பார்க்கும் சின்னத்தாய் பெரியம்மா அன்று சாயங்காலமே வந்து மூன்று உருண்டை வாங்கிப் போனார். நாலு நாளில் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எனக்கும் எறங்கிருச்சு!" என்றார். அடுத்த தெரு ரோஜாக்கா, கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, "எனக்கு ரெண்டாக் குடு புள்ள, நான் செட்டுல ரெண்டு ஆளு மருந்து திங்கேன்" என்று சிரித்தார்.

அடுத்த வகுப்பிலும் மாத்திரை கேட்டு வாங்கி அவர்களுக்கும் பிடித்துக் கொடுத்தேன். இதுவரை பரவாயில்லை. நேற்று அம்மா வாயில் கட்டுகிற துணியைத் துவைக்கப் போடாமல் மூலையில் எறிந்தார். "இனிமே எதுக்கு? மூச்சு முட்டுது. அதான் தெனம் எறங்கிருதே" என்றார். இன்று காளிராஜ் போர்மேனிடம் போய், பழையபடி செலுத்துகிற அறைக்கே வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். சீசன் ஆர்டருக்கு ஆள் பற்றாததால் அவர் யோசிக்கிறேன் என்றாராம்.

அந்த அறைக்குப் போக அம்மாவுக்குத் தைரியம் கொடுத்தது நான் பிடித்த உருண்டை. சீக்கிரம் எழுதுங்கள்.

எழில்


பர்கூர் மலை
7.9.2024

எழில்,

கோபத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

அது ரத்தம் இல்லை. வெடிமருந்தும் இல்லை. இரும்பு மாத்திரை எடுத்தால் மலம் கருப்பாகத்தான் போகும். உடம்பில் சேராத இரும்பு அது. மாத்திரை கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் சொல்லும் வரி: "கருப்பாப் போகும், பயப்படாதீக." ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். உனக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரி இல்லை. ராத்திரி யோசித்துப் பார்த்தேன், எப்படி விட்டேன் என்று. அக்கா என்னை மன்னித்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் விட்டிருக்கிறேன்.

இப்போது கவனமாகப் படி. சின்னத்தாய் அம்மா வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள் இல்லையா? பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆனால் இனிப்பு என்று ஒரு சின்னப் பிள்ளை நாலைந்து உருண்டையைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ரத்த வாந்தி எடுக்கும். நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதம் கையில் வந்த நிமிஷமே போய், கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கு. என்ன காரணம் வேண்டுமானாலும் சொல், முதலில் வாங்கு. ஏதாவது பிள்ளை தின்றது என்று தெரிந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்.

அடுத்தது அம்மா. வாரம் ஏழு மாத்திரையில் அவர் ரத்தம் இரண்டு வாரத்தில் ஏறியிருக்காது. இப்போது அவருக்கு இருப்பது தெம்பு இல்லை, நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு, வாய்த்துணி இல்லாமல், செலுத்துகிற அறையில் உட்காரப் போகிறார். மயக்கம் வந்தால்? நீ சொல்ல வேண்டும். உன் வாயால். ஒருத்தருக்குத் தெரியாமல் அவர் வாயில் மருந்து வைப்பது, எவ்வளவு நல்லதுக்கு என்றாலும், சரியில்லை எழில்.

நீ சொல்லாவிட்டால் வளைவுக்கு இறங்கிப் போய் நானே அக்காவுக்குப் போன் பண்ணுவேன்.

ஜோதி


விஸ்வநத்தம்
12.9.2024, இரவு

ஜோதி அக்காவுக்கு,

கடிதம் நேற்று கிடைத்தது. பெர்சிஸ் வீட்டு வாசலிலேயே படித்தேன். அங்கிருந்து நேராகச் சின்னத்தாய் பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். கருப்பட்டியில் எறும்பு மருந்து பட்டுவிட்டது என்று பொய் சொல்லி டப்பாவை வாங்கினேன். பிள்ளை தின்னவில்லை. உறி மேல் வைத்திருந்தார்கள். மற்ற வீடுகளிலும் அதையே சொல்லித் திரும்ப வாங்கினேன்.

பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். மாத்திரை இல்லாமல் வெறும் கருப்பட்டியும் சுக்கும் வைத்துப் புதிதாக உருண்டை பிடித்து எல்லாருக்கும் கொடுத்தேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். இன்று சாயங்காலமே சின்னத்தாய் பெரியம்மா வாசலில் நின்று, "இது பழைய ருசி இல்லையே. அதுல இரும்புத் துரு மாதிரி ஒரு கரகரப்பு இருக்குமே. ஏ பத்திரகாளி, ஒம்மக ஆத்தாளுக்கு ஒரு உருண்டை, ஊருக்கு ஒரு உருண்டையா செய்யுதா?" என்று கேட்டார். அம்மாவுக்கு ரோஷம் வந்து, தன் டப்பாவிலிருந்தே ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கஞ்சத்தனம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அக்கா, போன் மட்டும் பண்ணாதீர்கள். நீங்கள் சொன்னால் வீட்டில் சொன்ன மாதிரி இருக்காது. முகாமில் சொன்ன மாதிரிதான் இருக்கும். அம்மா அதை இரண்டாம் தடவை தாங்க மாட்டார். நீங்கள் சொன்னது உண்மைதான், ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு நீங்கள் மலைக்குப் போய்விட்டீர்கள். 'ஏழரை' என்ற பெயரோடு வேனில் ஏறியது அம்மா. இப்போதுதான் வேனில் அவருக்கு ஜன்னலோர இடம் கொடுக்கிறார்கள். அது என்னால் கிடைத்தது. நானே அதைப் பிடுங்க வேண்டுமா?

காளிராஜ் போர்மேன் சரி என்று சொல்லிவிட்டார். வருகிற 23-ஆம் தேதி திங்கட்கிழமையிலிருந்து செலுத்துகிற அறை.

நான் சொல்வேன். எப்போது என்று தெரியவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். "என்ன புள்ள?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

கோபமாக எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் அடித்துத் திருத்தவில்லை, எழுதியது எழுதியதுதான்.

எழில்


பர்கூர் மலை
16.9.2024

அன்பு எழிலுக்கு,

நேற்று ஆராதனை முடிந்ததும் வளைவுக்கு இறங்கிப் போனேன். அக்காவின் எண்ணை அழுத்தினேன். இரண்டு தடவை மணி அடித்தது. வைத்துவிட்டேன். அம்மா போனில் தெரியாத எண் ஒன்று இருந்தால் அது நான்தான்.

உண்மையைச் சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டேன் என்றாய். மாற்றலை நான் கேட்கவில்லை. வந்ததும் மறுக்காமல் கிளம்பினேன், அது நிஜம். அக்கா வீட்டு மூடிய கதவைத் தினமும் தாண்டி நடக்க முடியவில்லை.

அதனால் போன் பண்ண மாட்டேன். ஆனால் 23-ஆம் தேதிக்கு முன்னால் நீ சொல்ல வேண்டும். அம்மா கேட்டால் சொல்ல வேண்டியவை இரண்டுதான். ஒன்று, அந்தக் கருப்பு நிறம் மாத்திரையால் வந்தது. இரண்டு, நெஞ்சுக்குள் போன தூசியை எந்தச் சத்து மாத்திரையும், கருப்பட்டியும், வாழைப்பழமும் வெளியே எடுக்காது. உள்ளே போகாமல் துணியைக் கட்டுவதுதான் கொஞ்சமாவது உதவும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. பதினோரு வருஷமாக அதைத் தின்று நிம்மதியாகத் தூங்கியவர்களிடம் போய்ச் சொல்லச் சொல்கிறேன், அதுவும் உன்னை.

மாத்திரை கெட்டது என்று அம்மா நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அது தேவை. தெரிந்து, தானே எடுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

பயமாக இருந்தால் பயத்தோடேயே சொல்.

ஜோதி


விஸ்வநத்தம்
22.9.2024, இரவு

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் செட்டுப் பெண்கள் ஆறு பேர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நாளைக்குப் பழைய அறைக்குத் திரும்புவதை ஏதோ வளைகாப்பு மாதிரிப் பேசிச் சிரித்தார்கள். "எழிலு, அந்த டப்பாவ எடுத்தா" என்றார் அம்மா. தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்றுதான் பத்து நாள் தள்ளினேன். தனியாக இருக்கும்போது வார்த்தை வரவே இல்லை. டப்பாவோடு கூட, புத்தகப் பைக்கு அடியில் வைத்திருந்த பொட்டலத்தையும் எடுத்துவந்து அம்மா மடியில் பிரித்தேன். மிச்சமிருந்த ஒன்பது நீல மாத்திரை.

"என்னது இது?"

"பள்ளிக்கூடத்துச் சத்து மாத்திரை. இதத்தான் பொடிச்சு உருண்டைக்குள்ள வச்சேன்."

முதலில் சிரித்தது சின்னத்தாய் பெரியம்மாதான். "ஏ பத்திரகாளி! ஒம்மக ஒன்னையும் பத்தாங்கிளாசுல சேத்துட்டாளே! என்னையும்ல சேத்துருக்கா! இனி நாம பரிச்சை எழுதணும்டி!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் கடிதங்கள் உட்பட. கருப்பாகப் போனது மாத்திரை என்றும் சொன்னேன்.

பெரியம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப எறங்குனது மருந்து இல்லையா?"

"இல்ல பெரியம்மா."

"அப்ப மருந்து?"

நான் டப்பாவின் மூடியைத் திருகினேன்.

"சொல்லு புள்ள. உள்ளயேதான் இருக்கா?"

நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. ஒருவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டு போனார். அடுத்தவர் போனார். பெரியம்மா வாசல் வரை போய்த் திரும்பி, "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா அடிப்பார் என்று காத்திருந்தேன். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொட்டலத்தில் திரும்ப வைத்தார்.

"நீ குடுத்தேன்னுதான தின்னேன்" என்றார். "வேற யாராச்சும் குடுத்திருந்தா மோந்து பாத்திருப்பேன்."

வெகுநேரம் கழித்து, படுத்த பிறகு, இருட்டில் கேட்டார். "அந்த நர்ஸு வேற என்ன எழுதிருக்கா?"

அந்த மூடிய கதவு பற்றி நீங்கள் எழுதியதைச் சொன்னேன். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "அவளுக்கு எழுது. ஏழரைன்னு எங்காதுல சொல்லிருக்கலாம்னு எழுது. எங்காதுக்கு மட்டும் சொல்லிருந்தா அன்னைக்கே முழுங்கிருப்பேன்" என்றார்.

எழுதிவிட்டேன். நாளைக்கு எந்த அறை என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

23.9, இரவு

கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. இன்றைக்கு நடந்ததையும் எழுதிவிட்டுப் போடுகிறேன்.

பள்ளியில் எந்தச் சத்தம் கேட்டாலும் கம்பெனி இருக்கும் தெற்குப் பக்கம் பார்த்தேன். கணக்கு டீச்சர் இரண்டு தடவை எழுப்பி நிறுத்தினார். சாயங்காலம் வேன் நிற்கும் சத்தம் கேட்டதும் தெருவுக்கு ஓடினேன். அம்மா இறங்கினார். "பேக்கிங்லதான் இருந்தேன். எனக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா?"

"காளிராஜு எம்மேல கோவப்படல. சிரிச்சான். 'சரிக்கா, நீ இல்லாட்டி இன்னொருத்தி'ன்னான். அந்த எடத்துல ரோஜாவ உக்கார வச்சுட்டான்."

ரோஜாக்கா ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இல்லை. ஆனைக்குட்டத்தில் அவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். "அவளுக்கு அந்த உருண்டையச் சொன்னது நாந்தான். வாயில கட்ட வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். கூப்புட்டுச் சொல்லலாம்னு பாத்தேன், அவ மொகத்தப் பாக்க முடியல" என்றார் அம்மா.

சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சை பிழிந்து, பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையைத் தானே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு விழுங்கினார். பதினைந்து நாள் கழித்து ரத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். நான் சந்தோஷப்பட வேண்டும். பாதிதான் படுகிறேன்.

வேன் காலை ஆறரைக்கு. அதற்கு முன்னால் ரோஜாக்கா வீட்டுக்குப் போகப் போகிறேன்.

24.9, காலை

போய்விட்டு வந்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, வேகமாக எழுதுகிறேன்.

ரோஜாக்கா வாசலில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னலை நிறுத்தாமல் கேட்டார். "தெரியும் புள்ள. சின்னத்தா பெரியம்மா நேத்து வேன்லயே சொல்லிட்டாக" என்றார்.

"தெரிஞ்சா எதுக்குப் போறீக?"

"யாராச்சும் ஒருத்தி உக்காரணும்ல. எனக்கு ஒங்கம்மா மாதிரி ரத்தக் கொறச்சல் இல்ல. நான் மயங்க மாட்டேன்." ரப்பர் பேண்டை வாயில் கடித்திருந்ததால் சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு கையை நீட்டினார். "அந்த உருண்டை மிச்சம் இருக்கா?"

"அது மருந்த எடுக்காதுக்கா. இப்பத்தானே சொன்னேன்."

"காது கேக்குது புள்ள. இருந்தா குடு."

என் பையில் ஒன்று இருந்தது, அவருக்குக் காட்டுவதற்காக எடுத்துப் போனது. உடைத்துக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்க நினைத்திருந்தேன். கொடுக்கக் கூடாது என்று தெரியும். துணி கட்டினால்தான் தருவேன் என்றேன். "பெரிய நர்ஸு!" என்று என் தலையில் தட்டினார். ஆனால் உள்ளே போய் ஒரு பழைய துண்டை எடுத்து வந்தார்.

உருண்டையை வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். அதற்கு மேல் துண்டை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். நான்தான் முடிச்சுப் போட்டேன். வேன் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். துண்டுக்குள் கன்னம் உப்பியிருந்தது, சின்னப் பிள்ளை மிட்டாய் ஒதுக்கிய மாதிரி. வேன் திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் கொடுத்தது தப்பா அக்கா?

எழில்